மறுநாளே வரும்னு எக்ஸ்ட்ரா காசு கட்டுறோமே, நிஜமாவே மறுநாள் வருதா?

கரிசல்தையல் · வெள்ளி, இரவு 10:52

எல்லாருக்கும் வணக்கம். கோவில்பட்டியில சின்னதா தையல் கடை வச்சிருக்கேன், ஆரி வொர்க், மிஷின் எம்ப்ராய்டரி ரெண்டும் பண்ணுதேன். புதன்கிழமை சாயங்காலம் எம்ப்ராய்டரி மிஷின்ல ரோட்டரி ஹூக் (அடியில சுத்தி நூலப் பிடிக்கிற பார்ட்) உடைஞ்சு போச்சு. சாதா தையல் மிஷினுக்குன்னா இங்க மார்க்கெட்லயே கிடைச்சிரும், இந்த மாடலுக்கு இல்லைன்னுட்டாங்க. ஞாயித்துக்கிழமை முகூர்த்தம், கல்யாணப் பொண்ணு பிளவுஸ் மூணு என் கையில இருக்கு, சனிக்கிழமை ராத்திரிக்குள்ள குடுக்கேன்னு அட்வான்ஸும் வாங்கிட்டேன். அதனால புதன் ராத்திரி 8 மணிக்கு ஆன்லைன்ல தேடி ஒரு கடையில 1150 ரூவாய்க்கு அதே பார்ட் இருந்துச்சு, "நெக்ஸ்ட் டே டெலிவரி 99 ரூபாய்"ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு, அதையும் தொட்டு மொத்தக் காசையும் கட்டிட்டேன். வியாழக்கிழமை வரல. இன்னைக்கும் வரல. இப்ப பாத்தா "ஷிப்பிங் லேபிள் கிரியேட்டட்"ன்னு மட்டும்தான் காட்டுது.

போன் நம்பர்ல கூப்பிட்டா ரெக்கார்டு வாய்ஸ்தான் பேசுது. நான் கேக்க வந்தது ஒண்ணுதான். இந்த எக்ஸ்ட்ரா காசு கட்டுனவங்களுக்கு உண்மையிலயே மறுநாள் வந்துருக்கா? ஊரைப் பொறுத்து மாறுதா? வராட்டி அந்த 99 ரூவா யாருக்குப் போகுது?

வேளச்சேரிவாசி · வெள்ளி, இரவு 11:10

அக்கா, படிக்கவே கஷ்டமா இருக்கு. என் அனுபவத்தை அப்படியே சொல்றேன், நான் சென்னையில இருக்கேன், அமேசான் பிரைம் (வேகமா டெலிவரி தர்ற வருஷ சந்தா) 2016ல 499க்கு ஆரம்பிச்சப்பவே சேந்தவன், அப்புறம் 999 ஆச்சு, 2021 டிசம்பர்ல 1499 ஆச்சு, இன்னும் கட்டிட்டுத்தான் இருக்கேன். மறுநாள்னு போட்டா பத்துக்கு ஒம்போது தடவை மறுநாள் வந்துருது, சில சமயம் காலைல போட்டா அன்னைக்கே சாயங்காலம். அதனால "எல்லாமே ஏமாத்து"ன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா என் மாமனார் வீடு சங்கராபுரம் பக்கம், அதே அக்கவுண்ட்ல அந்த அட்ரஸ் மாத்துனா தேதி தானா மூணு நாள் தள்ளிப் போகும். காசு ஒண்ணுதான், ஊர் மாறுனா சர்வீஸ் மாறுது.

சேலத்து_அம்மா · வெள்ளி, இரவு 11:24

எங்களுக்கு சேலம் டவுன்குள்ள ஒழுங்கா வருது. பாப்பாவுக்கு டயப்பர் எல்லாம் மறுநாள்தான். ஆனா பெரிய சாமான் (குக்கர், மேஜை ஃபேன்) எதுவும் சொன்ன நாள்ல வந்ததில்ல. ஏன்னு யாராச்சும் தெரிஞ்சா சொல்லுங்க.

பழைய_ஹப்காரன் · சனி, அதிகாலை 12:40

நான் மதுரை பக்கம் ஒரு பார்சல் ஹப்ல (பார்சல ஊர் ஊரா பிரிச்சு அனுப்புற இடம்) மூணு வருஷம் ராத்திரி ஷிஃப்ட் பாத்தவன், இப்ப வேற வேலை. உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் விளக்கமா சொல்றேன், நீளமா போகும், பொறுத்துக்கங்க.

நீங்க ஆர்டர் போட்ட உடனே சரக்கு கிளம்பிராது. குடோன்ல எடுத்து, பேக் பண்ணி, லேபிள் ஒட்டி, ராத்திரி லாரி கிளம்புறதுக்குள்ள அது ஏத்தற இடத்துக்கு வந்தாகணும். அதுக்கு ஒரு கட்-ஆஃப் நேரம் இருக்கு. "இன்னும் 2 மணி நேரம் 10 நிமிஷத்துக்குள்ள ஆர்டர் பண்ணா நாளைக்கு"ன்னு சில ஆப்ல ஓடும் பாருங்க, அது அந்த லாரியோட கணக்கு. அது தாண்டுனா ஒரு நாள் போச்சு.

அப்புறம் தூரம். கோவில்பட்டிக்கு சென்னையில இருந்து கிட்டத்தட்ட 560 கிலோமீட்டர். லாரி சராசரியா மணிக்கு 50ன்னு வச்சுக்கங்க, டீ, டோல்கேட் எல்லாம் சேத்து 11 மணி நேரம். ராத்திரி 10க்கு கிளம்புனா காலைல 9. ஆனா லோக்கல் ஹப்ல பையனுங்க 8, 8:30க்கெல்லாம் பைய எடுத்துட்டு வண்டிய கிளப்பிருவாங்க, ஏன்னா ஏரியா ஏரியாவா பிரிச்சு ஸ்கேன் பண்ற வேலை காலைல 5, 6 மணிக்கே ஆரம்பிச்சிரும். அந்த லாரி 9 மணிக்கு வந்து நின்னா உள்ள இருக்குற சரக்கு அதுக்கு மறுநாள்தான். இதுல நடுவுல மதுரை ஹப்ல இறக்கி வேற வண்டில ஏத்துனா இன்னும் ரெண்டு மூணு மணி நேரம். சரக்கு மதுரையிலயோ திருநெல்வேலியிலயோ ஒரு குடோன்ல ஏற்கனவே இருந்தாத்தான் உங்க ஊருக்கு மறுநாள்ங்கிறது நடக்குற காரியம். வேளச்சேரிவாசி சாருக்கு வர்றதுக்கும் அதுதான் காரணம், ஸ்ரீபெரும்புதூர், ரெட்ஹில்ஸ்னு சென்னைய சுத்தி குடோனா இருக்கு.

எக்ஸ்ட்ரா காசு கட்டுனா தனி லாரியான்னு கேட்டா, நான் வேலை பாத்த இடத்துல கிடையாது. லேபிள்ல ஒரு மார்க் இருக்கும், அந்த மார்க் உள்ளத முதல்ல பிரிப்போம், முதல்ல ஸ்கேன் பண்ணுவோம், லாரியில இடம் இல்லைன்னா மத்தத நிறுத்தி இத ஏத்துவோம். அவ்வளவுதான் முன்னுரிமை. லாரியே லேட்டா வந்தா மார்க் இருந்தும் இல்லாட்டியும் ஒண்ணுதான்.

சேலத்து அம்மாவுக்கு, பெரிய சாமானுக்கு எடை மட்டும் பாக்க மாட்டாங்க, நீளம் அகலம் உயரத்த சென்டிமீட்டர்ல பெருக்கி 5000ஆல வகுத்து வர்றதையும் கிலோ எடையா எடுப்பாங்க. பைக் பையில அடங்காதது மினி வேன்ல போகணும், அந்த வேன் தினமும் எல்லா ஏரியாவுக்கும் போகாது. அதான் தள்ளிப் போகுது.

கரிசல்தையல் · சனி, காலை 6:15

அண்ணே இவ்வளவு நேரம் எடுத்து எழுதுனதுக்கு ரொம்ப நன்றி. ஆனா எனக்கு இதுல ஒரு வருத்தம். 560 கிலோமீட்டர்னு எனக்குத் தெரியுது, அவங்க கம்ப்யூட்டருக்குத் தெரியாதா? நான் பின்கோடு 628501ன்னு போட்ட பிறகுதானே அந்த 99 ரூவா கட்டம் வந்துச்சு. முடியாதுன்னா கட்டத்தக் காட்டாம இருந்துருக்கலாம்ல, நான் அன்னைக்கே பஸ் ஏறி மதுரை போயிருப்பேன். என் ரெண்டு நாள் அதுல போச்சு. எனக்கு 99 ரூவா பெருசில்ல, அந்த ரெண்டு நாள்தான் பெருசு.

கூடலூர்க்காரன் · சனி, காலை 7:02

அக்கா சொன்ன கடைசி வரிய நான் அப்படியே வழிமொழியறேன். நாங்க நீலகிரி, 643ல ஆரம்பிக்கிற பின்கோடு. எங்களுக்கு சரக்கு வரணும்னா ஒண்ணு மேட்டுப்பாளையம் மலை ரோடு ஏறி வரணும், இல்ல மைசூர் பக்கம் இருந்து பந்திப்பூர் காட்டு வழியா வரணும். பந்திப்பூர்ல 2009ல இருந்து ராத்திரி 9 மணில இருந்து காலைல 6 வரைக்கும் வண்டி விடறதில்ல, யானை, மான் எல்லாம் அடிபடக் கூடாதுன்னு, அது நியாயம், எங்களுக்கு அதுல புகார் இல்ல. மழைக்காலத்துல மலை ரோட்டுல மண்ணு சரிஞ்சா ரெண்டு நாள் எதுவும் வராது. இதெல்லாம் தெரிஞ்ச ஆப் எங்களுக்கு 5 நாள்னு நேர்மையா போடுது, நாங்களும் அதுக்கேத்த மாதிரி முன்னாடியே ஆர்டர் போட்டுக்கறோம். ஆனா சில கடைகள் எல்லா பின்கோடுக்கும் ஒரே கட்டத்த காட்டி காசு வாங்கிடறாங்க. அஞ்சு நாள்னு சொல்லி அஞ்சு நாள்ல வந்தா யாரும் திட்டப் போறதில்லையே.

பனியன்கடை · சனி, காலை 8:30

திருப்பூர்ல இருந்து டி-ஷர்ட், லெக்கிங்ஸ் ஆன்லைன்ல விக்கிறேனுங்க. விக்கிறவங்க பக்கம் என்னன்னு சொல்லிடறேன், அதையும் தெரிஞ்சுக்கணும்.

ஒரே ஆப்ல ரெண்டு விதமா சரக்கு போகும். ஒண்ணு, நாங்க சரக்க முன்கூட்டியே அவங்க குடோன்ல கொண்டு போய் அடுக்கிடறது, அதுக்கு இடத்துக்கு வாடகை, எடுத்துக் குடுக்க கூலின்னு பிடிச்சுக்குவாங்க. அந்த சரக்குக்குத்தான் வேகமா வர்ற அடையாளம் கிடைக்கும். இன்னொண்ணு, ஆர்டர் வந்ததும் எங்க வீட்டுல, எங்க கடையில இருந்தே பேக் பண்ணி பிக்கப்காரர்கிட்ட குடுக்கறது. பிக்கப் வண்டி எங்க பக்கம் மத்தியானம் ஒரு தடவைதான் வரும். 3 மணிக்கு வந்த ஆர்டர் அடுத்த நாள் மத்தியானம்தான் எங்க கைய விட்டே போகும். ஞாயித்துக்கிழமை பிக்கப்பே கிடையாது. இந்த மாதிரி சரக்குக்கு யாராலயும் மறுநாள் குடுக்க முடியாதுங்க.

அதனால விலைக்குக் கீழ சின்ன எழுத்துல "விற்பவர் யார், அனுப்புபவர் யார்"னு ரெண்டு வரி இருக்கும், காசு கட்டறதுக்கு முன்னாடி அத ஒரு தடவ படிங்க. அக்கா, நீங்க வாங்குன கடையில அந்த வரில என்ன போட்டுருக்குன்னு பாத்து சொல்ல முடியுங்களா?

கரிசல்தையல் · சனி, காலை 9:05

பாத்தேன்ங்க. இன்வாய்ஸ் மெயில்லயும் திரும்ப எடுத்துப் பாத்தேன். அனுப்புற இடம்: லூதியானா, பஞ்சாப்.

அந்த 99 ரூவா கட்டத்துக்குப் பக்கத்துல ஒரு "ஐ" எழுத்து மாதிரி குறி இருந்துச்சு, இப்பத்தான் அதைத் தொட்டுப் பாக்கேன். "அனுப்பப்பட்ட பின் அடுத்த வேலை நாள், இடத்தைப் பொறுத்து மாறலாம்"னு இங்கிலீஷ்ல போட்டுருக்கான். கண்ணுல தண்ணி வந்துருச்சு.

பழைய_ஹப்காரன் · சனி, காலை 9:20

லூதியானாவா! தையல் மிஷினும் அதோட ஸ்பேரும் தயாராகுற பெரிய ஊரு அது, அங்க இருந்து வர்றதுல ஆச்சரியம் இல்ல. ஆனா நம்ம ஊருக்கு 2500 கிலோமீட்டருக்கு மேல. டெல்லியில இருந்து பிளேன்ல ஏத்துனாக்கூட லூதியானா பிக்கப், டெல்லி சார்ட்டிங், பிளேன், இந்தப் பக்கம் ஏர்போர்ட், மறுபடி ஹப், அப்புறம் கோவில்பட்டி. இதுக்கு "நெக்ஸ்ட் டே"ன்னு பேர் வச்சு பெரிய எழுத்துல போட்டது தப்பு. கட்டத்துல பெருசா ஒண்ணு போட்டுட்டு குறிக்குள்ள அதுக்கு நேர்மாறா எழுதறத நான் ஏத்துக்க மாட்டேன்.

மதுரைப்_பொண்ணு · சனி, காலை 9:31

அக்கா சீக்கிரம் முடிவெடுங்க, இன்னும் நேரம் இருக்கு. மதுரையில தையல் மிஷின் ஸ்பேர் கடை தெரிஞ்சதுன்னா போன் போட்டு ஆன்லைன்ல காசு அனுப்பி, மாட்டுத்தாவணியில இருந்து கோவில்பட்டி போற பஸ்ல பார்சல் போடச் சொல்லுங்க. எங்க அப்பா பைக் ஸ்பேர் அப்படித்தான் வரவழைப்பாரு. வண்டி நம்பரையும் கிளம்புன நேரத்தையும் வாங்கிட்டு நம்ம பஸ் ஸ்டாண்டுல போய் நிக்கணும், ரெண்டரை மணி நேரத்துல கையில வந்துரும். ஆம்னி பஸ் பார்சல் ஆபீஸ்லயும் சென்னையில ராத்திரி போட்டா காலைல எடுத்துக்கலாம்.

கரிசல்தையல் · சனி, காலை 9:48

தங்கச்சி, ரெண்டு கடை நம்பர் கிடைச்சு கூப்பிட்டேன், ஒருத்தர் இந்த மாடல் ஹூக் இல்லைன்னுட்டார், இன்னொருத்தர் திங்கக்கிழமை வரும்னு சொல்லுதார். எட்டயபுரத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா இதே மாதிரி மிஷின் வச்சுருக்காங்க, அவங்க "நீ வா, நான் இன்னைக்கு என் வேலைய நிறுத்திக்கிறேன்"னு சொல்லிட்டாங்க. துணிய எல்லாம் மூட்டை கட்டிட்டு இப்பக் கிளம்புதேன். வந்து எழுதுதேன்.

பைக்_தம்பி · சனி, பிற்பகல் 2:12

சாப்பாட்டு நேரத்துல படிச்சேன். நான் திருநெல்வேலி பக்கம் டெலிவரி வேலை பாக்கேன், எந்தக் கம்பெனின்னு சொல்ல வேண்டாம்னு நினைக்கேன். எங்க பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்க.

எங்களுக்கு ஒரு பார்சலுக்கு இவ்வளவுன்னு காசு. பெட்ரோல் எங்க கையில இருந்து. காலைல பைய எடுத்தா 80, 90 பார்சல் இருக்கும், பண்டிகைக்கு முன்னாடி நூறு தாண்டும். நீங்க கட்டுன 99 ரூவால எங்களுக்கு ஒரு பைசா கூட வராது, அந்த பார்சலுக்கும் சாதா பார்சலுக்கும் எங்களுக்கு ஒரே ரேட்டுதான். ஆனா லேட்டானா வாசல்ல நின்னு திட்டு வாங்குறது நாங்க. போன வாரம் ஒரு பெரியவர் "காசு வாங்கிட்டு ஏமாத்துறியா"ன்னு கேட்டார். அவருக்கு அந்தப் பார்சல் மருந்து, அவரு கோவம் எனக்குப் புரியுது, ஆனா அது ஹப்புக்கு வந்ததே அன்னைக்குக் காலைலதான், நான் முத ஆளா அவரு வீட்டுக்குத்தான் போனேன்.

இன்னொண்ணு ஒத்துக்கிடுதேன். "கஸ்டமர் வீட்டில் இல்லை"ன்னு பொய்யா போடுதாங்கன்னு எல்லாரும் சொல்லுதீங்க, அது நடக்கு. சாயங்காலம் 7 மணி ஆகி பையில இன்னும் 15 இருந்தா, "எல்லாத்துக்கும் ஒரு அட்டெம்ப்ட் காட்டு"ன்னு மேல இருந்து பிரஷர் வரும், இல்லைன்னா மறுநாள் ரூட்டு மாத்திருவாங்க. சில பேரு போட்டுருவாங்க. நானும் ஆரம்பத்துல ரெண்டு தடவ போட்டுருக்கேன், மனசு உறுத்தி இப்ப விட்டுட்டேன், போன் பண்ணி "நாளைக்குக் காலைல வாரேன்"னு நேரடியா சொல்லிருதேன். முக்கால்வாசி பேரு சரி தம்பின்னுதான் சொல்லுதாங்க.

வேளச்சேரிவாசி · சனி, பிற்பகல் 2:40

தம்பி, நேர்மையா எழுதுனதுக்கு நன்றிப்பா. நான் இனிமே ஒண்ணு செய்றேன், அவசரம் இல்லாத சாமானுக்கு மறுநாள்னு போட மாட்டேன். ஒரு வாரம் கழிச்சு வந்தாலும் பரவால்லங்கிற சோப்புக்கெல்லாம் வேகம் கேட்டு உங்க பைய நிரப்புறோம், அதுல நிஜமா அவசரமான மருந்து அடியில போயிடுது.

ஆர்எம்எஸ்_ஐயா · சனி, மாலை 4:05

பிள்ளைகளுக்கு வணக்கம். நான் ஆர்.எம்.எஸ்.ல, அதாவது ரயில்வே மெயில் சர்வீஸ்ல, இருந்து ஓய்வு பெற்றவன். ஓடுற ரயில்ல பெட்டிக்குள்ள நின்னுக்கிட்டே கடிதம் பிரிச்சிருக்கோம். விடியறதுக்குள்ள ஒவ்வொரு ஸ்டேஷன் பையும் கட்டி, சீல் வச்சு, அந்தந்த ஊர்ல இறக்கணும். தூக்கம் வந்தா முகத்துல தண்ணி அடிச்சுக்குவோம்.

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15ல வந்தது. முதல் எண் 6ன்னா நம்ம தெற்குப் பகுதி, முதல் மூணு எண்ணையும் சேர்த்துப் பார்த்தா எந்த சார்ட்டிங் மாவட்டம்னு தெரியும், 628ன்னா தூத்துக்குடி. கடைசி மூணு எந்த தபால் ஆபீஸ்னு சொல்லும். இன்னைக்கு இந்த ஆப் எல்லாம் நடக்குறது அந்த ஆறு எண்ணை வச்சுத்தான். ஸ்பீடு போஸ்ட் 1986 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சோம். அப்ப எங்க மேலதிகாரி ஒருத்தர் சொல்லிக் குடுத்தது, கவுண்டர்ல வாடிக்கையாளர் "நாளைக்குப் போயிருமா"ன்னு கேட்டா, பை எந்த ரயில்ல, எத்தனை மணிக்குப் போகுதுன்னு தெரியாம வாய் திறக்கக் கூடாதுன்னு. கிராமத்துக்குன்னா இன்னும் ஒரு நாள் சேர்த்துச் சொல்லுவோம். அந்தப் பெண் பின்கோடு போட்ட பிறகும் கட்டம் வந்ததுன்னு எழுதியிருந்தது எனக்கு ரொம்ப வருத்தமா இருந்தது. 628ன்னு படிச்சிட்டு லூதியானாவில இருந்து மறுநாள்னு யாரும் சொல்லக் கூடாதும்மா.

கோர்ட்வாசல் · சனி, இரவு 8:20

சட்டம் பத்தி யாரும் எழுதல, நான் எழுதுறேன். வக்கீல் இல்ல, நுகர்வோர் கோர்ட்டுக்கு மனு எழுதிக் குடுக்குறவங்களுக்கு உதவி செய்றவன்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கீழ 2020 ஜூலைல ஈ-காமர்ஸ் விதிகள் வந்துச்சு. அதுல நமக்கு வேணுங்கிறது இதுதான்: சொன்ன தேதிய விட லேட்டா சரக்கு வந்தா, விக்கிறவர் அதைத் திரும்ப எடுத்துக்க மாட்டேன்னோ காசைத் திருப்பித் தர மாட்டேன்னோ சொல்லக் கூடாது. ஒரே விதிவிலக்கு வெள்ளம், புயல் மாதிரி யார் கையிலயும் இல்லாத காரணம். 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை கொட்டுச்சே, அந்த வாரம் தூத்துக்குடி மாவட்டத்துக்கு பார்சல் வரலைன்னு யாரும் கேஸ் போட முடியாது. ஆனா அக்கா விஷயத்துல வெள்ளமும் இல்ல புயலும் இல்ல.

அடுத்தது, ஒவ்வொரு ஈ-காமர்ஸ் நிறுவனத்துலயும் குறைதீர் அதிகாரின்னு ஒருத்தர் இருக்கணும், பேரு, தொடர்பு விவரம் வெப்சைட்ல போடணும், புகார் கிடைச்சதுன்னு 48 மணி நேரத்துக்குள்ள பதில் போடணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்த்து வைக்கணும். வெப்சைட் பக்கத்தோட அடியில ரொம்ப சின்னதா போட்டுருப்பாங்க, தேடுங்க. கஸ்டமர் கேர் சாட்ல மணிக்கணக்கா பேசுறதுக்குப் பதிலா அந்த மெயிலுக்கு ஒரே ஒரு கடிதம், ஆர்டர் நம்பர், கட்டத்தோட ஸ்கிரீன்ஷாட், ட்ராக்கிங் ஸ்கிரீன்ஷாட், என்ன வேணும்ங்கிறது (99 ரூபாய் திரும்ப வேணுமா, முழுசுமா) தெளிவா எழுதி அனுப்புங்க.

பதில் வரலைன்னா 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயும் பேசலாம். அதுக்கும் மேல மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீங்க குடியிருக்குற மாவட்டத்துலயே போடலாம், லூதியானா போக வேண்டியதில்ல, கம்பெனி ஹெட் ஆபீஸ் இருக்குற ஊருக்கும் போக வேண்டியதில்ல. 5 லட்சம் வரைக்கும் உள்ள விஷயத்துக்கு ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், இப்ப இ-ஜாக்ருதி போர்ட்டல்ல வீட்டுல இருந்தே போடலாம்.

ஒரு கேள்வி அக்கா. அந்த 99 ரூபாய் கட்டத்துல நீங்களா டிக் போட்டீங்களா, இல்ல ஏற்கனவே டிக் ஆகி இருந்துச்சா? ஏற்கனவே டிக் ஆகி இருந்தா அதுவே தனி விதிமீறல். 2023 நவம்பர் 30ல டார்க் பேட்டர்ன்னு 13 வகை ஏமாத்து டிசைன் பட்டியல் போட்டு தடை பண்ணாங்க, நமக்குத் தெரியாம கூடையில ஒண்ணச் சேக்குறது அதுல ஒண்ணு, "இன்னும் 5 நிமிஷம்தான்"னு பொய் அவசரம் காட்டுறது இன்னொண்ணு.

கரிசல்தையல் · ஞாயிறு, காலை 5:50

விடியக்காலம் 2 மணிக்கு முடிச்சேன். மூணு பிளவுஸும் நேத்து ராத்திரியே குடுக்கேன்னு சொன்னது, பொண்ணு வீட்டுக்கு போன் போட்டு நிலைமையச் சொன்னேன், அவங்க அம்மா "காலைல அஞ்சு மணிக்கு மண்டபத்துக்குக் கொண்டாந்துரு தாயி"ன்னு சொன்னாங்க, இப்பத்தான் குடுத்துட்டு வந்து உக்காந்துருக்கேன். முகூர்த்த பிளவுஸ் கைல மயில் நான் நினைச்ச மாதிரியே வந்துருச்சு. எட்டயபுரத்து அக்கா ராத்திரி முழுக்க எனக்கு நூல் கோத்துக் குடுத்தாங்க, ஒத்தக் காசு வாங்கல.

கோர்ட்வாசல் அண்ணே, கட்டத்துல நானாத்தான் டிக் போட்டேன், பொய் சொல்லக் கூடாது. அந்தக் குறிய தொட்டுப் பாக்காதது மட்டும்தான். மெயில் இன்னைக்கே எழுதுதேன். தமிழ்ல எழுதலாமா?

கோர்ட்வாசல் · ஞாயிறு, காலை 9:15

தமிழ்ல தாராளமா எழுதலாம், இருந்தாலும் அவங்க "புரியல"ன்னு நாள் கடத்தாம இருக்க அதே மெயில்ல கீழ இங்கிலீஷ்லயும் நாலு வரி போட்டுருவோம். விஷயத்த எனக்குத் தனியா அனுப்புங்க, நான் எழுதித் தர்றேன். நீங்க டிக் போட்டதால உங்க உரிமை போயிடல. பெரிய எழுத்துல ஒண்ணு, ஒளிச்சு வச்ச குறிக்குள்ள ஒண்ணுன்னா, வாங்குறவர் எதைப் பாத்து காசு கட்டுனாருங்கிறதத்தான் முதல்ல கேப்பாங்க.

பனியன்கடை · ஞாயிறு, காலை 10:02

கல்யாணம் நல்லபடியா நடக்கட்டுங்க. நான் நேத்து ராத்திரி உக்காந்து என் கடைப் பக்கத்த ஒரு தடவ சரி பார்த்தேன். "விரைவு டெலிவரி"ன்னு ஒரு இடத்துல வெறுமனே போட்டுருந்தேன், அத எடுத்துட்டு "மத்தியானம் 12 மணிக்குள்ள ஆர்டர் வந்தால் அன்றே அனுப்புவோம், தமிழ்நாட்டுக்குள் 2-4 நாள்"னு மாத்திட்டேன். ஆர்டர் கொறஞ்சாலும் பரவால்ல.

கூடலூர்க்காரன் · ஞாயிறு, பகல் 12:30

பனியன்கடை அண்ணா, நீலகிரின்னா 5 நாள்னு தனியா போட்டுடுங்க, நாங்க சந்தோஷமா வாங்கிக்கறோம்.

கரிசல்தையல் · அடுத்த வாரம் திங்கள், மாலை 6:40

என்ன ஆச்சுன்னு நிறைய பேரு தனியா கேட்டீங்க, அதான் இங்கயே எழுதுதேன். பார்ட் போன செவ்வாய்க்கிழமைதான் வந்துச்சு. ட்ராக்கிங்ல பாத்தா லூதியானாவுல இருந்து சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பிருக்கு, அப்ப "அனுப்புன மறு வேலை நாள்"னு அவங்க சொன்ன கணக்குப்படி பாத்தாலும் திங்கக்கிழமை, அதுவும் தாண்டிருச்சு. கொண்டாந்த பையன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு தண்ணி குடுத்தேன், அவன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.

ஞாயித்துக்கிழமை மெயில் போட்டதுக்கு "புகார் கிடைத்தது"ன்னு செவ்வாய்க்கிழமை பதில் வந்துச்சு, அதுக்கப்புறம் சத்தமே இல்ல. வியாழக்கிழமை 1915க்கு போன் பண்ணேன், தமிழ்லயே பேசுனாங்க, புகார் நம்பர் குடுத்தாங்க. இன்னைக்குக் காலைல 99 ரூவா பேங்க்ல ஏறிருக்கு. முழுக்காசு நான் கேக்கல, பார்ட் எனக்கு வேணும், நல்லாத்தான் இருக்கு. அந்தக் கட்டத்துக்குக் கீழ அனுப்புற ஊரையும் உண்மையான தேதியையும் பெரிய எழுத்துல போடணும்னு அதே மெயில்லயே திரும்ப ஒண்ணு எழுதிருக்கேன், அதுக்குப் பதில் வர்ற வரைக்கும் விடுறதா இல்ல.

இன்னொண்ணு, மதுரைக் கடைக்காரர்கிட்ட அந்த ஹூக்கு ரெண்டு சொல்லி வச்சுட்டேன், ஒண்ணு என் கடைக்கு, ஒண்ணு எட்டயபுரத்து அக்காவுக்கு. வந்ததும் மாட்டுத்தாவணி பஸ்லயே போட்டு விடுதேன்னு சொல்லிருக்கார்.

மதுரைப்_பொண்ணு · திங்கள், மாலை 7:05

அக்கா, வண்டி நம்பர் வாங்க மறந்துராதீங்க!